ஒரே கணினியில் பல வெப்கேம்கள்: தடங்கல் இல்லாமல் இயக்க முழுமையான வழிகாட்டி

இரண்டு கேமராக்கள் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும். மூன்றாவதைச் செருகுவீர்கள். அதன் முகப்பில் இருக்கும் சிறு விளக்கு ஒரு கணம் எரிந்து அணையும். திரையில் கறுப்புக் கட்டம் மட்டும் மிஞ்சும். கேபிளை மாற்றுவீர்கள், போர்ட்டை மாற்றுவீர்கள், கணினியை அணைத்து மீண்டும் போடுவீர்கள். அதே கறுப்புக் கட்டம்தான் வரும். மின்சுற்றுப் பலகைகளில் பற்றவைப்பதை இணையவழியில் கற்றுக்கொடுக்கத் தொடங்கிய நாட்களில் நான் ஒரு வாரம் முழுவதும் இந்தக் கட்டத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். முகத்துக்கு ஒரு கேமரா, மேசையை மேலிருந்து காட்ட ஒன்று, பற்றவைப்பு முனையை அருகிலிருந்து காட்ட இன்னொன்று என மூன்று வேண்டியிருந்தது. கடைசியில் பார்த்தால் எந்தக் கேமராவும் பழுதாகியிருக்கவில்லை. கணினிக்குத் தரவு போகும் ஒரே யூஎஸ்பி பாதையில் மூன்றையும் திணிக்கப் பார்த்ததுதான் தவறு.

பல கேமரா அமைப்பில் வரும் சிக்கல்களில் பெரும்பகுதி இந்த ஒரே இடத்தில் பிறக்கிறது. எனவே மென்பொருளைத் திறப்பதற்கு முன் பாதையைப் புரிந்துகொள்வோம்.

முதலில், எத்தனை கேமரா தேவை?

ஒரு தாளை எடுத்து, பார்வையாளர் எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று எழுதுங்கள். ஒவ்வொரு காட்சிக்கும் எதிரே இரண்டு கேள்விகள்: இது முழுத்திரையில் வருமா, மூலையில் சிறு கட்டமாக வருமா? இது மற்றொரு காட்சியோடு ஒரே நேரத்தில் தெரிய வேண்டுமா, மாற்றி மாற்றித் தெரிந்தால் போதுமா? மூலையில் சிறிதாக வரும் முகத்துக்கு 1920×1080 ரெசல்யூஷன் (படத்தின் பிக்சல் அளவு) வீண், 640×480 தாராளம். மாற்றி மாற்றிக் காட்டும் கேமராக்கள் எல்லாம் ஒரே நேரத்தில் ஓட வேண்டியதில்லை. இந்த இரண்டு விடைகளும் பின்னால் வரும் கணக்கைப் பாதியாகக் குறைத்துவிடும்.

யூஎஸ்பி பாதையின் கணக்கு

பொறுமையாகப் படிக்க வேண்டிய பகுதி இது. இது தெளிவானால் மற்றவை தானாக விளங்கும்.

இன்று புழக்கத்தில் இருக்கும் வெப்கேம்களில் பெரும்பாலானவை யூஎஸ்பி 2.0 வகை. கணினியில் நீல நிற யூஎஸ்பி 3.0 போர்ட்டில் செருகினாலும் அவை 2.0 வேகத்தில்தான் பேசும். அந்தப் பாதையின் வேகம் நொடிக்கு 480 மெகாபிட். காணொளி போன்ற, இடைவிடாமல் வந்துகொண்டே இருக்க வேண்டிய தரவுக்கு அதில் 80 சதவீதத்தை மட்டுமே ஒதுக்கலாம் என்பது விதி. ஆக, எல்லாக் கேமராக்களும் சேர்ந்து பகிர்ந்துகொள்ள நமக்குக் கிடைப்பது 384 மெகாபிட்.

இப்போது ஒரு கேமரா எவ்வளவு அனுப்பும் என்று பார்ப்போம். சுருக்காமல் அனுப்பும்போது பெரும்பாலான வெப்கேம்கள் ஒரு பிக்சலுக்கு 2 பைட் செலவிடுகின்றன. மென்பொருள்களில் இந்த வடிவம் ஒய்யூஒய்2 என்ற பெயரில் தெரியும். 640×480 அளவில் நொடிக்கு 30 ஃபிரேம் (தனிப்படம்) அனுப்பினால் ஏறத்தாழ 147 மெகாபிட். 1280×720 என்றால் 442 மெகாபிட். ஒரே கேமராவே முழுப் பாதையையும் விழுங்கிவிடும். 1920×1080 என்றால் 995 மெகாபிட். இதற்கு யூஎஸ்பி 2.0-இல் இடமே கிடையாது. சுருக்காத வடிவத்தில் பெரிய படம் கேட்டால் பல வெப்கேம்கள் நொடிக்கு 10 ஃபிரேம், 5 ஃபிரேம் என்று இறங்கிவிடுவது இதனால்தான்.

அப்படியானால் முழு எச்டி (1920×1080) படம் எப்படி வருகிறது? கேமராவே ஒவ்வொரு ஃபிரேமையும் ஒரு ஜேபெக் புகைப்படம் போலச் சுருக்கி அனுப்புகிறது. இதற்கு எம்ஜேபெக் என்று பெயர். சில கேமராக்கள் எச்.264 என்ற இன்னொரு சுருக்க வடிவத்திலும் தரும். எம்ஜேபெக்கில் உண்மையான தரவு பல மடங்கு சிறிது. எனவே பல கேமரா வைப்பவர்கள் எல்லாக் கேமராவையும் எம்ஜேபெக்குக்கு மாற்றுவதுதான் முதல் வேலை.

ஆனாலும் இரண்டாவதோ மூன்றாவதோ கேமரா மறுக்கலாம். காரணம், கேமரா ஓடத் தொடங்கும்போதே பாதையில் தனக்கு இடம் பதிவு செய்துகொள்கிறது. ரயிலில் முன்பதிவு செய்த இருக்கையைப் போலத்தான்: ஆள் உட்கார்ந்தாலும் உட்காராவிட்டாலும் அந்த இடம் வேறு யாருக்கும் இல்லை. ஒரு யூஎஸ்பி 2.0 சாதனம் இப்படிப் பதிவு செய்யக்கூடிய உச்ச அளவு ஏறத்தாழ 196.6 மெகாபிட். எம்ஜேபெக்கில் அனுப்பப்போவது அதில் சிறு பங்குதான் என்றாலும், பல கேமராக்கள் எதற்கும் இருக்கட்டும் என்று உச்ச அளவையே கேட்கின்றன. அப்படிக் கேட்கும் இரண்டு கேமராக்களைக் கூட்டிப் பாருங்கள்: 393 மெகாபிட். கிடைப்பதோ 384. வெறும் 9 மெகாபிட் குறைவதால் இரண்டாவது கேமரா கறுப்பாகிவிடுகிறது! இரண்டு தனித்தனிக் கணினிகளில் நன்றாக ஓடும் கேமராக்கள் ஒன்றில் சேர்ந்தால் மட்டும் மறுப்பதன் மர்மம் இந்தச் சிறு கூட்டலில் இருக்கிறது.

லினக்ஸில் இந்த நிலை வந்தால், சாதனத்தில் இடமில்லை என்ற பொருளில் ஒரு பிழைச்செய்தி வரும். அதைப் படித்துவிட்டு வன்தட்டில் கோப்புகளை அழிக்க ஆரம்பிக்காதீர்கள். இடம் இல்லாதது யூஎஸ்பி பாதையில்.

இன்னும் ஒரு நல்ல செய்தி உண்டு. பதிவு நடப்பது கேமரா படம் அனுப்பும்போது மட்டும்தான். செருகிய நிலையில் சும்மா இருக்கும் கேமரா எந்த இடத்தையும் பிடிப்பதில்லை. மடிக்கணினியின் உள்ளேயே இருக்கும் கேமராவுக்கும் இதே விதிதான். அதுவும் பெரும்பாலும் உள்ளே ஒரு யூஎஸ்பி சாதனமாகத்தான் இணைக்கப்பட்டிருக்கும். அதை இயக்கினால் அதுவும் பங்கு கேட்கும்.

ஹப் பற்றிய தவறான நம்பிக்கை

"போர்ட் போதவில்லை, ஒரு ஹப் வாங்கினால் சரியாகிவிடும்" என்று நினைப்பது இயல்பு. ஹப் போர்ட்களின் எண்ணிக்கையைத்தான் கூட்டும், பாதையை அகலப்படுத்தாது. நான்கு கேமராக்களை ஒரு ஹப்பில் செருகினால் நான்கும் ஒரே 480 மெகாபிட்டைத்தான் பகிர்ந்துகொள்ள வேண்டும்.

யூஎஸ்பி 3.0 ஹப் என்றாலும் நிலைமை மாறாது. அதன் உள்ளே உண்மையில் இரண்டு ஹப்கள் அருகருகே இருக்கின்றன: 3.0 சாதனங்களுக்கு ஒன்று, 2.0 சாதனங்களுக்கு ஒன்று. கேபிளிலும் இரண்டுக்கும் தனித்தனிக் கம்பிகள். 2.0 கேமராக்கள் அனைத்தும் பழைய கம்பி வழியாகத்தான் போகும். பக்கத்திலேயே 5 கிகாபிட் பாதை காலியாகக் கிடந்தாலும் அதில் ஏற முடியாது. இதில் நமக்குச் சாதகமான ஒன்றும் உண்டு: யூஎஸ்பி 3.0 வகைக் கேமரா ஒன்று உங்களிடம் இருந்தால், அது தன் தனிப் பாதையில் போய்விடும். 2.0 கேமராக்களின் பங்கில் கை வைக்காது.

ஹப் தேவைப்படும் இடம் வேறு. மின்சாரத்துக்கு அது உதவும். யூஎஸ்பி 2.0 போர்ட் 500 மில்லிஆம்பியரும் 3.0 போர்ட் 900 மில்லிஆம்பியரும் தருவதாகக் கணக்கு. தனி மின்இணைப்பு இல்லாத ஹப்பில் இரண்டு மூன்று கேமராக்களும், வட்ட விளக்கு ஒன்றும் சேர்ந்தால் அந்த அளவு போதாமல் கேமராக்கள் விட்டுவிட்டு இணையும். சுவரில் செருகும் அடாப்டருடன் வரும் ஹப்பையே வாங்குங்கள்.

உங்கள் கணினியின் பாதைகளை வரைந்துகொள்ளுங்கள்

கணினியின் உள்ளே யூஎஸ்பி போர்ட்களை ஆளும் சில்லுக்குக் கன்ட்ரோலர் என்று பெயர். ஒரு கன்ட்ரோலர் பல போர்ட்களை ஆளலாம். எத்தனை போர்ட் இருக்கிறது என்பது பொருட்டல்ல. எத்தனை கன்ட்ரோலர் இருக்கிறது, எந்தப் போர்ட் எதைச் சேர்ந்தது என்பதுதான் கேள்வி.

விண்டோஸில் டிவைஸ் மேனேஜரைத் திறந்து, வியூ பட்டியலில் 'டிவைசஸ் பை கனெக்‌ஷன்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். சாதனங்கள் மரம்போல் விரியும். பெயரில் ஹோஸ்ட் கன்ட்ரோலர் என்று உள்ள ஒவ்வொரு யூஎஸ்பி கிளையும் ஒரு பாதை. ஒரு கேமராவை எடுத்து ஒவ்வொரு போர்ட்டாகச் செருகி, அது எந்தக் கிளையின் கீழ் தோன்றுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். மேக்கில் சிஸ்டம் இன்ஃபர்மேஷனில் யூஎஸ்பி பகுதி இதையே காட்டும். லினக்ஸில் எல்எஸ்யூஎஸ்பி கட்டளையை டி விருப்பத்துடன் (lsusb -t) கொடுத்தால் மரவடிவம் கிடைக்கும்.

போர்ட்டுகளுக்கு அருகில் சிறு ஒட்டுத்தாளில் அ, ஆ என்று எழுதி ஒட்டிவிடுங்கள். ஒரே எழுத்து உள்ள போர்ட்கள் ஒரே பாதையைச் சேர்ந்தவை. பத்து நிமிட வேலைதான், ஆனால் பின்னால் பல மணி நேரத்தை மிச்சமாக்கும்.

மேசைக் கணினிகளில் இரண்டு கன்ட்ரோலர்கள் இருப்பதற்கு வாய்ப்பு உண்டு. முன்பக்கப் போர்ட்களும் பின்பக்கப் போர்ட்களும் ஒரே கிளையில் வருவதும் உண்டு, வெவ்வேறாக இருப்பதும் உண்டு. பார்த்தால்தான் தெரியும். மடிக்கணினிகளில் எல்லாப் போர்ட்களும் ஒரே கன்ட்ரோலரில் இருப்பது சகஜம்.

கன்ட்ரோலர் போதவில்லை என்றால் மேசைக் கணினிக்கு ஒரு பிசிஐ எக்ஸ்பிரஸ் யூஎஸ்பி அட்டை சேர்க்கலாம். வாங்கும்போது விவரக்குறிப்பைக் கவனமாகப் படியுங்கள். நான்கு போர்ட் உள்ள சாதாரண அட்டையில் ஒரே கன்ட்ரோலர்தான் இருக்கும். ஒவ்வொரு போர்ட்டுக்கும் தனிக் கன்ட்ரோலர் என்று தெளிவாக எழுதியிருக்கும் அட்டைகள் தனியாக உண்டு. விலை கூடுதல், ஆனால் நான்கு கேமராக்களை முழு எச்டியில் ஓட்ட நினைப்பவர்களுக்கு அதுதான் வழி. தண்டர்போல்ட் என்ற அதிவேக இணைப்பு உள்ள மடிக்கணினி என்றால், பல தண்டர்போல்ட் டாக்குகளின் (பல போர்ட்கள் கொண்ட இணைப்புப் பெட்டிகளின்) உள்ளே தனி யூஎஸ்பி கன்ட்ரோலர் இருக்கிறது. சாதாரண யூஎஸ்பி-சி டாக் அப்படியல்ல; அது வேறு உருவத்தில் வந்த ஹப்.

இணைத்தல்: ஒவ்வொன்றாக

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் செருகாதீர்கள். முதல் கேமராவைச் செருகி, அது தனியாக நன்றாக ஓடுகிறதா என்று பாருங்கள். பிறகு அதை நிறுத்தாமல் இரண்டாவதை வேறு எழுத்துள்ள போர்ட்டில் செருகுங்கள். இரண்டும் ஐந்து நிமிடம் ஓடட்டும். பிறகு மூன்றாவது. எந்தக் கட்டத்தில் உடைகிறதோ அந்தக் கட்டத்தின் காரணம் உங்கள் கண்முன்னே இருக்கும்.

கேபிளின் நீளத்துக்கும் எல்லை உண்டு. யூஎஸ்பி 2.0-க்கு 5 மீட்டர். மேலிருந்து காட்டும் கேமராவுக்காக நீட்டிப்புக் கேபிள்களை ஒன்றோடொன்று கோத்து இதைத் தாண்டினால், ஒரு நாள் ஓடும், மறுநாள் ஓடாது. நீளம் தேவை என்றால் உள்ளே சமிக்ஞையைப் பெருக்கும் சில்லு வைத்த ஆக்டிவ் கேபிளை வாங்குங்கள்.

ஒரே மாடலில் இரண்டு மூன்று கேமராக்கள் வாங்கியிருந்தால் வேறொரு குழப்பம் காத்திருக்கிறது. மென்பொருளில் எல்லாம் ஒரே பெயரில் தோன்றும். கணினி அவற்றைப் பெரும்பாலும் எந்தப் போர்ட்டில் இருக்கிறது என்பதை வைத்துத்தான் பிரித்தறிகிறது. இன்று போர்ட் மாற்றிச் செருகினால், மேசையைக் காட்ட வேண்டிய இடத்தில் முகம் வந்து நிற்கும். ஒவ்வொரு கேபிளின் முனையிலும் 'முகம்', 'மேசை', 'முனை' என்று எழுதி ஒட்டி, எப்போதும் அதனதன் போர்ட்டிலேயே செருகுங்கள். லினக்ஸில் வீடியோ0, வீடியோ2 என்ற எண்கள் ஒவ்வொரு முறையும் மாறக்கூடும். போர்ட்டின் இடத்தை வைத்துப் பெயர் தரும் பை-பாத் அடைவில் உள்ள முகவரியைப் பயன்படுத்தினால் மாறாது. அங்கு ஒரு கேமராவுக்கு இரண்டு எண்கள் தெரிந்தால் பதற வேண்டாம்: ஒன்று படத்துக்கு, இன்னொன்று படத்தைப் பற்றிய தகவலுக்கு.

ஓபிஎஸ் ஸ்டுடியோவில் அமைத்தல்

பல கேமராக்களைச் சேர்த்து ஒரே படமாக்க நான் நம்பிப் பயன்படுத்துவது ஓபிஎஸ் ஸ்டுடியோ. இலவசம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். விண்டோஸில் ஒவ்வொரு கேமராவுக்கும் இப்படிச் செய்யுங்கள்:

1. சோர்சஸ் பகுதியில் கூட்டல் குறியை அழுத்தி, 'வீடியோ கேப்சர் டிவைஸ்' தேர்ந்தெடுங்கள். பெயரை உடனே மாற்றுங்கள். 'வீடியோ கேப்சர் டிவைஸ் 3' என்ற பெயர் நேரலையின் நடுவே உதவாது. 'மேசை மேலிருந்து' என்பது உதவும்.

2. ரெசல்யூஷன் வகையைத் தானியங்கியிலிருந்து கஸ்டம் என்று மாற்றி, அளவை நீங்களே கொடுங்கள். தானியங்கியில் விட்டால் கேமரா எதைக் கேட்கிறது என்று உங்களுக்குத் தெரியாது.

3. ஃபிரேம் வேகத்தை எல்லாக் கேமராவுக்கும் ஒரே எண்ணாக வையுங்கள். 30 போதும். ஒன்று 30, இன்னொன்று 25 என்று இருந்தால் அசைவு ஒன்றில் வழுக்கியும் மற்றொன்றில் தயங்கியும் தெரியும்.

4. வீடியோ ஃபார்மட் இடத்தில் எம்ஜேபெக் தேர்ந்தெடுங்கள். முன்னே போட்ட கணக்கெல்லாம் இந்த ஒரு வரிக்காகத்தான்.

5. கேமராக்களை மாற்றி மாற்றிக் காட்டினால் போதும் என்பவர்கள், காட்டாதபோது கேமராவை நிறுத்தும் 'டீஆக்டிவேட் வென் நாட் ஷோயிங்' என்ற தேர்வை இயக்குங்கள். திரையில் இல்லாத கேமரா தன் இடத்தை விட்டுக்கொடுக்கும். அதற்கான விலை, காட்சி மாறும்போது ஓரிரு நொடி தாமதம். ஒரே கன்ட்ரோலர் உள்ள மடிக்கணினியில் நான்கு கேமராக்களை வைத்து வேலை செய்ய இதைவிடச் சிக்கனமான வழி எனக்குத் தெரியாது.

பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. ஒரு சீனில் (திரையில் எது எங்கே வர வேண்டும் என்ற அமைப்பில்) சேர்த்த கேமராவை இன்னொரு சீனிலும் காட்ட வேண்டும் என்றால் புதிதாகச் சேர்க்காதீர்கள். கூட்டல் குறியை அழுத்தியதும் ஏற்கெனவே இருக்கும் சோர்ஸைச் சேர்க்கும் 'ஆட் எக்ஸிஸ்டிங்' வாய்ப்பைத் தேர்ந்தெடுங்கள். புதிதாகச் சேர்த்தால் ஒரே கேமராவை இரண்டு முறை திறக்கச் சொல்வதாகிவிடும். இரண்டாவது கறுப்பாக நிற்கும். பாதையில் இடம் இருக்கும்போதும் இந்தக் காரணத்தால் கறுப்புக் கட்டம் வரலாம். முதலில் இதைச் சரிபாருங்கள்.

பிறகு சீன்களை அமையுங்கள். என்னிடம் மூன்று: முகம் மட்டும் முழுத்திரையில்; மேசை முழுத்திரையில், முகம் மூலையில்; பற்றவைப்பு முனை முழுத்திரையில், மேசை மூலையில். ஒவ்வொன்றுக்கும் ஹாட்கீ (குறுக்குவிசை) கொடுத்துவிட்டால் பேசிக்கொண்டே இடது கையால் மாற்றலாம்.

எம்ஜேபெக் பாதையில் இடத்தை மிச்சப்படுத்தினாலும், வந்த படத்தை விரிக்கும் வேலை கணினியின் மையச் செயலகத்தின் (சிபியூ) தலையில் விழுகிறது. பழைய கணினியில் மூன்று முழு எச்டி கேமராக்களைத் திறந்தால் மின்விசிறி இரைவதை நீங்களே கேட்கலாம். மூலையில் சிறிதாக வரும் கேமராவின் அளவைக் குறைப்பதுதான் இங்கும் தீர்வு.

நிறமும் வெளிச்சமும்

ஒரு வெள்ளைத் தாளை மேசையில் வைத்து எல்லாக் கேமராக்களிலும் ஒரே நேரத்தில் பாருங்கள். ஒன்றில் அது நீலம் பூத்திருக்கும். இன்னொன்றில் பழைய புத்தகத்தின் பக்கம் போல மஞ்சளாக இருக்கும். கை ஒரு கேமராவின் காட்சியிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது தோலின் நிறமே மாறும். ஒவ்வொரு கேமராவும் தன் பார்வையில் படுவதை வைத்துத் தானே நிறத்தைத் தீர்மானிப்பதுதான் காரணம்.

ஓபிஎஸ்-இல் கேமராவின் ப்ராப்பர்டீஸ் பக்கத்தில் 'கான்ஃபிகர் வீடியோ' பொத்தானை அழுத்தினால் கேமராவின் சொந்தக் கட்டுப்பாடுகள் திறக்கும். வொயிட் பேலன்ஸ் (வெள்ளை நிறச் சமன்), எக்ஸ்போஷர் (ஒளி பதியும் நேரம்), ஃபோகஸ் (குவியம்) மூன்றுக்கும் எதிரே இருக்கும் தானியங்கிக் குறியை எடுத்துவிடுங்கள். அந்த வெள்ளைத் தாள் எல்லாவற்றிலும் வெள்ளையாகத் தெரியும் வரை எண்களை நகர்த்துங்கள். வெவ்வேறு மாடல்களில் ஒரே எண் ஒரே நிறத்தைத் தராது. எண்ணை நம்பாமல் தாளை நம்புங்கள். மீதமிருக்கும் சிறு வேறுபாட்டை ஓபிஎஸ்-இன் கலர் கரெக்‌ஷன் ஃபில்டரால் தீர்க்கலாம்.

மேலிருந்து பார்க்கும் கேமராவுக்கு ஃபோகஸைக் கட்டாயம் பூட்டுங்கள். இல்லாவிட்டால் கை உள்ளே வரும்போதெல்லாம் அது கையைத் தேடும். கை போனதும் மேசையைத் தேடும். பார்ப்பவருக்குத் தலைசுற்றும்.

எக்ஸ்போஷர் எண்கள் விண்டோஸில் -5, -6, -7 என்று தெரியும். -5 என்றால் ஷட்டர் 1/32 நொடி. -6 என்றால் 1/64. -7 என்றால் 1/128. தானியங்கியில் விட்ட கேமரா, வெளிச்சம் குறைந்தால் இன்னும் நீண்ட நேரம் திறந்து வைக்கும். 1/30 நொடியைத் தாண்டினால் நொடிக்கு 30 ஃபிரேம் எடுக்கவே முடியாது. வேகம் 15-ஆகச் சரியும். "கேமரா திக்குகிறது" என்ற புகார்கள் பலவற்றுக்கு யூஎஸ்பி காரணமில்லை. அறையில் வெளிச்சம் போதவில்லை, அவ்வளவுதான். ஒரு விளக்கைக் கூட்டிப் பாருங்கள்.

திரையில் பட்டை பட்டையாக மினுக்கம் ஓடினால், அது விளக்குகளின் மின்னோட்ட அதிர்வெண்ணோடு வரும் மோதல். அதே கட்டுப்பாட்டுப் பக்கத்தில் பவர்லைன் ஃபிரீக்வென்சி என்ற இடத்தில் உங்கள் பகுதியின் மின்சாரத்துக்கு ஏற்ப 50 அல்லது 60 ஹெர்ட்ஸ் என்று எல்லாக் கேமராவிலும் மாற்றுங்கள்.

கேபிளைக் கழற்றி மாட்டினாலோ கணினியை மறுபடி இயக்கினாலோ சில கேமராக்கள் இந்த அமைப்புகளை மறந்துவிடும். எண்களை ஒரு தாளில் எழுதிக் கேமரா அருகில் வைத்திருங்கள்.

ஒலி

பெரும்பாலான வெப்கேம்களில் ஒரு மைக் இருக்கிறது. எல்லாம் திறந்திருந்தால் உங்கள் குரல் வெவ்வேறு தூரங்களிலிருந்து சிறு சிறு இடைவெளியில் சேர்ந்து, கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல் கேட்கும். ஒரே மைக்கை வைத்துக்கொண்டு மற்றவற்றை மியூட் செய்யுங்கள். தனி மைக் இருந்தால் கேமரா மைக் எதுவுமே வேண்டாம்.

கேமராவின் படம் ஒலியைவிடச் சற்றுத் தாமதமாக வரும். தாமதம் கேமராவுக்குக் கேமரா வேறுபடும். இதை அளக்க எளிய வழி: எல்லாக் கேமராக்களும் பார்க்கும் இடத்தில் ஒருமுறை கைதட்டி அதைப் பதிவு செய்யுங்கள். காணொளியை ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்தி, கைகள் சேரும் ஃபிரேமை ஒவ்வொரு கேமராவிலும் தேடுங்கள். 30 ஃபிரேம் வேகத்தில் ஒரு ஃபிரேம் 33 மில்லிநொடி. முந்தி வரும் கேமராவுக்கு வீடியோ டிலே ஃபில்டரைச் சேர்த்து மெதுவான கேமராவோடு சமன் செய்யுங்கள். பிறகு மெதுவான கேமரா ஒலியைவிட எவ்வளவு பிந்துகிறதோ, அட்வான்ஸ்டு ஆடியோ ப்ராப்பர்டீஸில் மைக்கின் சிங்க் ஆஃப்செட்டை அவ்வளவு தள்ளுங்கள்.

கூட்டத்துக்கு அனுப்புவது

ஓபிஎஸ்-இல் அமைத்த படத்தைக் காணொளிக் கூட்டத்துக்குக் கொண்டுபோக, கன்ட்ரோல்ஸ் பகுதியில் 'ஸ்டார்ட் விர்ச்சுவல் கேமரா' பொத்தானை அழுத்துங்கள். பிறகு கூட்டச் செயலியின் கேமராப் பட்டியலில் ஓபிஎஸ் விர்ச்சுவல் கேமராவைத் தேர்ந்தெடுங்கள். மறுமுனையில் இருப்பவருக்கு அது ஒரு சாதாரண வெப்கேம்தான்.

விண்டோஸில் வழக்கமாக ஒரு கேமராவை ஒரு நேரத்தில் ஒரு செயலிதான் பயன்படுத்த முடியும். எனவே ஓபிஎஸ்-ஐ முதலில் திறந்து கேமராக்களைப் பிடித்துக்கொண்ட பிறகே கூட்டச் செயலியைத் திறங்கள். வரிசை மாறினால் கூட்டச் செயலி ஒரு கேமராவைப் பிடித்துக்கொள்ளும். ஓபிஎஸ்-இல் அந்த இடம் கறுப்பாகிவிடும்.

இரண்டே கேமரா, அவ்வப்போது மாற்றினால் போதும் என்பவர்களுக்கு ஓபிஎஸ் தேவையே இல்லை. ஜூம் செயலியில் திரையைப் பகிரும் பட்டியலில் அட்வான்ஸ்டு பகுதிக்குப் போனால், இரண்டாவது கேமராவின் காட்சியைப் பகிரும் வாய்ப்பு இருக்கிறது. முகம் ஒரு பக்கமும் மேசை பெரிதாகவும் தெரியும். எளிமையான வகுப்புகளுக்கு நான் இதையே பரிந்துரைக்கிறேன்.

மறுத்தால் எங்கே பார்ப்பது

கேமரா பட்டியலிலேயே வரவில்லை என்றால் கேபிள், மின்சாரம், ஹப் ஆகியவற்றைப் பாருங்கள். பட்டியலில் வருகிறது, படம் வரவில்லை என்றால் வேறு செயலி பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். உலாவியின் மறந்துபோன ஒரு தாவலே குற்றவாளியாக இருக்கலாம். விண்டோஸ் அமைப்புகளில் கேமராவுக்கான தனியுரிமை அனுமதியையும் பாருங்கள். இரண்டும் சரி, தனியாக ஓடுகிறது, சேர்ந்தால் மட்டும் நின்றுவிடுகிறது என்றால் அது பாதைக் கணக்குதான். எம்ஜேபெக் இருக்கிறதா, அளவைக் குறைத்தால் வருகிறதா, வேறு எழுத்துள்ள போர்ட்டில் வருகிறதா என்று இந்த வரிசையில் முயலுங்கள்.

லினக்ஸில் இன்னொரு கருவி உண்டு. யூவிசிவீடியோ டிரைவருக்கு குவர்க்ஸ் மதிப்பாக 128 கொடுத்து ஏற்றினால், கேமரா கேட்கும் இடத்தை அப்படியே தராமல் உண்மையான தேவையை டிரைவரே கணக்கிட்டுப் பதிவு செய்யும். இது சுருக்காத வடிவத்துக்குத்தான் பயன்படும், எம்ஜேபெக்குக்கு உதவாது. சிறிய அளவில் பல கேமராக்களை ஓட்டுபவர்களுக்கு நல்ல வழி.

அரை மணி நேரம் நன்றாக ஓடிவிட்டுத் திடீரென்று கேமரா காணாமல் போகிறதா? விண்டோஸின் மின்சேமிப்பாக இருக்கலாம். பவர் ஆப்ஷன்ஸில் யூஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்டை நிறுத்துங்கள். டிவைஸ் மேனேஜரில் ஒவ்வொரு யூஎஸ்பி ரூட் ஹப்பையும் திறந்து, மின்சாரத்தை மிச்சப்படுத்தச் சாதனத்தை அணைக்கலாம் என்ற அனுமதியை நீக்குங்கள்.

பாதை உண்மையிலேயே போதாவிட்டால்

கையில் இருக்கும் தொலைபேசி ஒரு நல்ல கேமரா. 2022-இல் வந்த மேக்ஓஎஸ் வென்சுரா முதல், ஐபோனைக் கம்பியில்லாமலே மேக்கின் கேமராவாகப் பயன்படுத்தலாம். ஆண்ட்ராய்டு 14-இலிருந்து பல தொலைபேசிகளை யூஎஸ்பியில் செருகி வெப்கேமாக மாற்றலாம். ஆனால் அப்போது அதுவும் யூஎஸ்பி பாதையில் பங்கு கேட்கும். வைஃபை வழியாகப் படம் அனுப்பும் செயலிகள் என்றால் யூஎஸ்பி பக்கமே வராது. தாமதம் சற்றுக் கூடும் என்பதால், கைவேலையை அருகிலிருந்து காட்டும் காட்சியை யூஎஸ்பி கேமராவுக்கே விட்டுவிட்டு, அறையின் அகலக் காட்சியைத் தொலைபேசிக்குக் கொடுங்கள்.

எல்லாம் அமைத்து முடித்ததும், உண்மையான நிகழ்ச்சி எவ்வளவு நேரமோ அவ்வளவு நேரம் ஒரு சோதனைப் பதிவு செய்யுங்கள். எல்லாச் சீன்களையும் மாற்றி மாற்றிப் போடுங்கள். ஓபிஎஸ்-இன் ஸ்டாட்ஸ் சாளரத்தைத் திறந்து, தவறிய ஃபிரேம்களின் எண்ணிக்கை ஏறுகிறதா என்று கவனியுங்கள். ஏறினால் மூலையில் வரும் கேமராவின் அளவை ஒரு படி குறைத்துவிட்டு மீண்டும் ஓட்டிப் பாருங்கள்.